ஆற்றங்கரை பெஞ்சில் ஒருவர் இருந்தார்

மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை, மதுரையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் புத்தகம் பேசக் கூடுவோம். 11 பேர். வங்கிக்காரர் ஒருவர், மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவர், கல்லூரி மாணவிகள் இரண்டு பேர், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் என்று கலவையான கூட்டம். ஒரு மாதம் எடுத்துக்கொண்டது ஜப்பானிய எழுத்தாளர் ஹிகாஷினோ கெய்கோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’. ஒரு மணி நேரமாகப் பேச்சு அனல் பறந்தது. கடைசி அத்தியாயத்தைச் சொல்லும்போது மருந்துக்கடைக்காரருக்குத் தொண்டை அடைத்தது. மாணவிகளில் ஒருத்தி, “நமக்காக இப்படி ஒருத்தன் இருந்தா...” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். “இதெல்லாம் லவ் இல்லடி, பக்கத்து வீட்டுச் சுவர்ல காதை வெச்சுக் கேக்கறவன் அவன்” என்று மற்றவள் சண்டைக்குப் போனாள்.

அதுவரை வாய் திறக்காத டீச்சர் கேட்டார்: “சரிப்பா, இதுல செத்தது யாரு?”

“தொகாஷி” என்றோம், ஏறக்குறைய ஒரே குரலில்.

“அவன் ஒருத்தன். இன்னொருத்தர்?”

மாடியில் சத்தம் அடங்கியது. ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. நாவலில் அவருக்குப் பெயரே கிடையாது, அதனால் தெரியாமல் போனதில் தப்பில்லை. என்னை உலுக்கியது வேறு. ஒரு கொலை நாவலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறோம். அதில் ஒரு பாவமும் அறியாமல் கொல்லப்பட்ட மனிதரை ஒருவர்கூட, ஒருமுறைகூட, குறிப்பிடவில்லை.

இந்தக் கட்டுரை அந்த மனிதரைப் பற்றியது. அவரைப் பற்றிப் பேசவேண்டுமானால் நாவலின் முடிச்சை அவிழ்த்தே ஆகவேண்டும். இன்னும் படிக்காதவர்கள் தயவுசெய்து இத்தோடு நிறுத்தி, நாவலைப் படித்துவிட்டு வாருங்கள். இந்தப் புத்தகத்தை முதல்முறை ஒன்றும் தெரியாமல் படிக்கும் அனுபவத்தை யாரிடமிருந்தும் பறிக்க எனக்கு மனமில்லை.

பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார்

டோக்கியோவின் சுமிதா ஆற்றை ஒட்டிய பகுதி. ஒரு சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹனாவோகா யாசுகோ தன் மகள் மிசாதோவுடன் வசிக்கிறாள். முன்பு இரவு விடுதியில் வேலை பார்த்தவள், இப்போது ஒரு சாப்பாட்டுப் பொட்டலக் கடையில் நிற்கிறாள். விவாகரத்தாகியும் விடாமல் தேடிவந்து பணம் பிடுங்கும் முன்னாள் கணவன் தொகாஷி, ஒரு மார்ச் மாத இரவு வீட்டுக்குள் வந்து மகளை அடிக்கிறான். தாயும் மகளும் சேர்ந்து மின்கம்பியால் அவன் கழுத்தை இறுக்கிவிடுகிறார்கள். பிணம் கிடக்கிறது. கதவு தட்டப்படுகிறது. வெளியே நிற்பவர் பக்கத்து வீட்டு இஷிகாமி, உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர். என்ன நடந்தது என்பதைச் சுவருக்கு அப்பாலிருந்தே புரிந்துகொண்டு, எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

கொலை யார் செய்தது என்பது ஆரம்பத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. துப்பறியும் கதையின் பெரிய கேள்வியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இனி என்ன செய்வாய் என்று வாசகரைப் பார்த்துக் கேட்கிறார் ஹிகாஷினோ.

போலீசுக்கு ஆற்றங்கரையில் ஒரு பிணம் கிடைக்கிறது. முகம் சிதைக்கப்பட்டிருக்கிறது, விரல் ரேகைகள் எரிக்கப்பட்டிருக்கின்றன. மற்ற தடயங்களை வைத்து அது தொகாஷி என்று முடிவு செய்கிறார்கள். மார்ச் 10 அன்று எங்கிருந்தீர்கள் என்று யாசுகோவிடம் கேட்கிறார்கள். சினிமாவுக்குப் போனோம் என்கிறாள். டிக்கெட் இருக்கிறது, சாட்சி இருக்கிறது. எவ்வளவு குடைந்தாலும் அந்தப் பதில் உடைவதில்லை, ஏனென்றால் அது உண்மை. தாயும் மகளும் அன்று நிஜமாகவே சினிமாவுக்குப் போனார்கள்.

தொகாஷி செத்தது 9ஆம் தேதி. 10ஆம் தேதி செத்தது வேறொருவர்.

இஷிகாமி ஒரு பிணத்தை மறைப்பதற்காக இன்னொரு பிணத்தை உண்டாக்கினார். போலீஸ் கண்டெடுத்தது அந்த இரண்டாவது உடலைத்தான். இஷிகாமியின் கல்லூரித் தோழர், இயற்பியல் பேராசிரியர் யுகாவா, கடைசியில் இதைப் பிடிக்கிறார். இஷிகாமி பள்ளியில் தேர்வுத்தாள் தயாரிக்கும் விதத்திலேயே அதற்கான சாவி இருக்கிறது. வடிவியல் கணக்கு போலத் தோன்றும், உள்ளே போனால் சார்பு பற்றிய கணக்காக இருக்கும். நாம் அலிபியை உடைக்கும் கணக்கு என்று நினைத்து மோதிக்கொண்டிருந்தோம். செத்தது யார் என்பதே கணக்கு.

படித்த எல்லோரும் அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் அழுதேன். இஷிகாமிக்காக.

விருதுகளும் வாக்குவாதமும்

ஹிகாஷினோ 1958இல் ஓசாகாவில் பிறந்தவர். மின்பொறியியல் படித்து, வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனம் ஒன்றில் பொறியாளராக வேலை பார்த்தவர். 1985இல் எடோகாவா ராம்போ விருது வாங்கிய பிறகு முழுநேர எழுத்துக்கு வந்தார். ஜப்பானின் பெருமைமிக்க நவோகி விருதின் இறுதிப் பட்டியலில் ஐந்து முறை இடம்பெற்று, ஐந்து முறையும் கைநழுவவிட்டார். ஆறாவது முறை, 2006 ஜனவரியில், இந்த நாவலுக்காகக் கிடைத்தது.

2005 ஆகஸ்டில் புத்தகமாக வந்த இந்த நாவல், அந்த ஆண்டின் மர்மநாவல் தரவரிசைப் பட்டியல்களில் பெரியவை மூன்றிலும் முதலிடம் பிடித்தது. அதில் ஒரு பட்டியல்தான் சண்டையைக் கிளப்பியது. ஜப்பானில் ‘ஹொன்காகு’ என்றொரு மரபு உண்டு. வாசகருக்கும் துப்பறிபவருக்கும் ஒரே தடயங்கள் சமமாகத் தரப்பட வேண்டும், கூர்மையான வாசகர் தன் அறிவால் விடையை எட்ட முடிய வேண்டும், அதுதான் அதன் தர்மம். அந்த வகைக்கான பட்டியலிலும் இது முதலில் வந்தபோது, நாவலாசிரியர் நிகைதோ ரெய்தோ வெளிப்படையாக எதிர்த்தார். விடையை எட்டப் போதுமான தடயம் வாசகர் கையில் இல்லை, யுகாவாவின் முடிவு ஊகத்தில் நிற்கிறது, இதை ஹொன்காகு என்று கொண்டாடக்கூடாது என்றார். இது ஹொன்காகுதான், ஆனால் கடினமான புதிர் அல்ல என்ற பக்கம் நின்றவர்களில் விமர்சகரும் நாவலாசிரியருமான கசாய் கியோஷி முக்கியமானவர். 2006 முழுக்கப் பத்திரிகைகளில் இது ஓடியது. இது ஹொன்காகுவா இல்லையா என்று முடிவுசெய்வது ஒவ்வொரு வாசகரின் வேலை என்பதோடு ஹிகாஷினோ ஒதுங்கிக்கொண்டார். அதே ஆண்டு ஹொன்காகு மர்மநாவல் விருதும் இதற்கே போனது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது இலக்கண வாத்தியார்களின் சண்டையாகத் தெரியலாம். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் தடயம் இருக்கிறதா இல்லையா என்று தேடிப் புறப்பட்டவர்கள், தேடிய இடத்தில் வேறொன்றைக் கண்டார்கள். தடயம் இருக்கிறது. அது ஒரு மனிதர். முதல் அத்தியாயத்திலேயே, ஒளிவுமறைவு இல்லாமல், ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

7.35 மணிக்குப் புறப்பட்ட நடை

நாவலின் தொடக்கத்தில் காலை 7.35க்கு இஷிகாமி வீட்டைவிட்டுக் கிளம்பிப் பள்ளிக்கு நடக்கிறார். ஆற்றோரப் பாதை. நீலத் தார்ப்பாய்க் கூடாரங்கள் வரிசையாக நிற்கின்றன. வீடற்றவர்கள். காலி டப்பாக்களை நசுக்கிக்கொண்டிருக்கும் ஒருவரைக் கடக்கிறார். பெஞ்சில் இருக்கும் ஒருவரைப் பார்க்கிறார். அந்த ஆள் இங்கே புதிது. முடி இன்னும் வளரவில்லை, சவரம் செய்திருக்கிறார், தொழில்நுட்பப் பத்திரிகை படிக்கிறார். இஷிகாமி மனதுக்குள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘எஞ்சினியர்’. இந்த ஆள் இன்னும் வேலை தேடுவதை விடவில்லை, அதனால்தான் தன்னை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார் என்று கணித்தபடி நடக்கிறார்.

அன்று இரவு இஷிகாமிக்கு ஒரு உடல் தேவைப்படுகிறது.

காணாமல் போனால் யாரும் தேடாத ஒரு உடல். தொகாஷியின் வயதுக்கும் உடல்வாகுக்கும் ஒத்துவரக்கூடிய ஒருவர். மறுநாள் இஷிகாமி எஞ்சினியரிடம் போய், ஒரு வேலை இருக்கிறது என்கிறார். தொகாஷி தங்கியிருந்த வாடகை அறைக்கு அனுப்பிவைக்கிறார், ரேகையும் முடியும் அங்கே விழட்டும் என்று. திருடிய சைக்கிளில் ஆற்றங்கரைக்கு வரவைக்கிறார். அங்கே கழுத்தை நெரித்துக் கொல்கிறார். பிறகு முகத்தைச் சிதைக்கிறார்.

மேலே உள்ள பத்தியை எழுத எனக்கு நெடுநேரம் பிடித்தது. “வேலை இருக்கிறது” என்ற இரண்டு சொல்லில் ஒவ்வொரு முறையும் கை நின்றுவிட்டது. நம்பிக்கையை முழுக்க இழந்துவிட்ட ஒருவரிடம் இந்தத் தூண்டில் வேலை செய்திருக்காது. டப்பா நசுக்குபவரை இஷிகாமி தேர்ந்தெடுக்கவில்லை. இன்னும் சவரம் செய்துகொள்பவரைத் தேர்ந்தெடுத்தார். அந்த மனிதரை அந்தக் கூட்டத்திலிருந்து எது தனித்துக் காட்டியதோ, எது அவரை மறுபடி ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்குமோ, அதுவே அவரைக் கொன்றது.

ஆற்றங்கரை நடை நாவலில் பிறகும் வருகிறது. யுகாவாவும் கூட நடக்கிறார். கடிகாரத்திலிருந்து விடுபட்ட இந்த மனிதர்கள் எப்படிக் கடிகாரம் போலவே ஒழுங்காக வாழ்கிறார்கள் என்று இரண்டு அறிவாளிகளும் பேசிக்கொள்கிறார்கள். எஞ்சினியர் இல்லை. ஒரு மனிதர் குறைந்திருக்கிறார், நாம் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போகிறோம். ஜப்பானிய விவாதத்தில் மிகவும் சுட்ட கேள்வி இங்கிருந்துதான் எழுந்தது: புதிரை விடுவிக்க முடியாமல் போனது தடயம் போதாததாலா, வீடற்ற ஒருவர் மறைவதைக் கவனிக்கும் பழக்கம் நமக்கு இல்லாததாலா?

என்னைப் பொறுத்தவரை இரண்டாவதுதான். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, நானும் கவனிக்காதவன். ‘யாரும் தேடமாட்டார்கள்’ என்ற கணிப்பில்தான் இஷிகாமியின் திட்டம் முழுக்க நிற்கிறது. கதைக்குள் போலீஸ் தேடவில்லை. கதைக்கு வெளியே வாசகர்களும் தேடவில்லை.

நாவல் பத்திரிகையில் தொடராக வந்தது 2003 முதல். ஜப்பானில் வீடற்றோருக்கான தனிச் சட்டம் வந்தது 2002இல். அதன்படி 2003 தொடக்கத்தில் நாடு முழுவதும் அரசு முதன்முறையாக ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பூங்காக்கள், ஆற்றங்கரைகள், ரயில் நிலையங்கள். கண்ணால் பார்த்து எண்ணுவதுதான் முறை. எண்ணிக்கை 25,296. தொண்ணூறுகளில் பொருளாதாரம் சரிந்தபிறகு வேலை போனவர்கள், கட்டடக் கூலிகள், நடுத்தர வயதில் நிறுவனம் கைவிட்டவர்கள் எல்லாம் அதில் அடக்கம். ஹிகாஷினோவின் எஞ்சினியர் அந்தக் காலத்து நாளிதழைப் புரட்டினால் கண்ணில் படக்கூடிய ஆள்தான். தானே பொறியாளராகச் சம்பளம் வாங்கிய ஒருவர், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பெயரை வைத்தார் என்பதை நான் தற்செயல் என்று கடந்துபோக விரும்பவில்லை.

நமக்குப் பழக்கமான பாசம்

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையின் ஒரு பாதி அந்நியமானதல்ல. 2013இல் மலையாளத்தில் ‘த்ரிஷ்யம்’ வந்தபோது, இந்த நாவலின் இந்திப் பட உரிமையை வைத்திருந்த ஏக்தா கபூர் தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. இயக்குநர் ஜீத்து ஜோசப் தன் கதை இதன் தழுவல் அல்ல என்று மறுத்தார். 2015இல் அதே கதை அவர் இயக்கத்திலேயே ‘பாபநாசம்’ ஆயிற்று. 2019இல் வந்த ‘கொலைகாரன்’ படத்திலும் விமர்சகர்கள் இந்த நாவலின் சாயலைப் பார்த்தார்கள். ஜப்பானில் 2008, கொரியாவில் 2012, சீனாவில் 2017, இந்தியில் 2023 என்று ‘சஸ்பெக்ட் எக்ஸ்’ திரைக்கு வந்துகொண்டே இருக்கிறது.

யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு கதைகளுக்கும் உள்ள வித்தியாசம். ‘பாபநாசம்’ படத்திலும் ஒரு நாளைத் தள்ளிப்போடும் வித்தை இருக்கிறது, குடும்பத்துக்காகப் பிணத்தை மறைக்கும் புத்திசாலி இருக்கிறார். ஆனால் சுயம்புலிங்கம் யாரையும் கொல்லவில்லை. செத்தவன், ஒரு பெண் குளிப்பதைப் படமெடுத்து மிரட்டியவன். அவனுக்கும்கூட ஒரு தாய் இருக்கிறாள், தகப்பன் இருக்கிறார், கடைசியில் வந்து கைகூப்பி நின்று அழுகிறார்கள். தியேட்டரில் நாம் நிம்மதியாகச் சுயம்புலிங்கத்தின் பக்கம் நிற்க முடிந்தது. ஹிகாஷினோ அந்த நிம்மதியைத் தரவில்லை. இஷிகாமியின் அன்பு உண்மையானது, அதற்கு அவர் கொடுத்த விலை இன்னொருவரின் உயிர் என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நீட்டுகிறார். நாம்தான் பாதியை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு மீதியை ஒதுக்கிவிட்டோம்.

எங்கள் வட்டத்தில் நடந்த காதலா, தொந்தரவா என்ற சண்டையும் இதே பாதிக்குள் நடந்த சண்டைதான். தற்கொலை செய்துகொள்ளக் கயிறு மாட்டி நின்றவர் இஷிகாமி. அந்த நேரம் புதிதாகக் குடிவந்த தாயும் மகளும் மணியடித்து வணக்கம் சொல்கிறார்கள். அந்த ஒரு கணத்துக்காக வாழ்நாளையே திருப்பிக் கொடுக்கிறார். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. போலீஸ் நம்பவேண்டும் என்பதற்காகத் தன்னைத்தானே, பெண்ணைப் பின்தொடரும் கேவலமானவனாகச் சித்திரித்துக்கொள்கிறார். மருந்துக்கடைக்காரருக்குத் தொண்டை அடைத்தது இங்கேதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சிறையில் மேற்கூரைக் கறைகளைப் பார்த்து மனதில் கணக்குப் போடும் அந்த மனிதருக்காக மனம் இளகாதவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் யுகாவா இன்னொன்றும் சொல்கிறார். எஞ்சினியரைக் கொன்றதன் மூலம் இஷிகாமி தன்னை நிஜமான கொலைகாரன் ஆக்கிக்கொண்டார். பிறகு மனம் மாறினாலும் பின்வாங்க வழியில்லாதபடி தன் கதவைத் தானே சாத்திக்கொண்டார் என்கிறார். முதல் வாசிப்பில் இந்த இடம் எனக்குத் தியாகத்தின் உச்சமாகத் தெரிந்தது. இப்போது படித்தால் உடம்பு நடுங்குகிறது. தன் உறுதியை இறுக்கிக்கொள்ள ஒருவருக்கு இன்னொருவரின் கழுத்து தேவைப்பட்டிருக்கிறது. எந்தச் சக்கரமும் வீண் இல்லை என்ற பொருளில் யுகாவா இஷிகாமியிடம் பேசும்போது, அவர் மனதில் இருப்பது இஷிகாமி மட்டுமா, ஆற்றங்கரை மனிதருமா? இரண்டு பேரும் என்றே நான் படிக்கிறேன். கதையில் எஞ்சினியருக்காக இரங்கிப் பேச வாய்ப்புள்ள ஒரே ஆள் அவர்தான்.

யாசுகோவையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் அவள் போலீசிடம் வருகிறாள். இஷிகாமி கட்டிய அத்தனையும் அந்தக் கணத்தில் இடிந்து விழுகிறது, அவர் அலறுகிறார். நிறைய வாசகர்களுக்கு அவள்மேல் கோபம். அவ்வளவு பெரிய தியாகத்தை வீணாக்கிவிட்டாளே என்று. எங்கள் மாடியிலும் அப்படி ஒரு குரல் வந்தது. ஒரு அப்பாவியைக் கொன்று வாங்கித்தந்த நிம்மதியில், பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டு, மகளுக்குச் சோறு போட்டுக்கொண்டு வாழ்ந்துவிடலாம் என்று அவளால் முடியவில்லை. எனக்கு இந்த நாவலில் மிகவும் மதிப்பான ஆள் அவள்தான்.

பென்சில் குறிப்பு

2020 நவம்பரில் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில், பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் இரவைக் கழித்துவந்த 64 வயதுப் பெண் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். கடைகளில் மாதிரி உணவு கொடுக்கும் வேலை பார்த்தவர், வேலை நின்றபிறகு அங்கே வந்தவர். அது படுக்க முடியாத குறுகலான பெஞ்ச், உட்கார்ந்தபடிதான் தூங்குவார். அடுத்த மாதம் டோக்கியோவில் பெண்கள் ஊர்வலம் போனார்கள். அவள் நான்தான் என்ற பொருள்படும் வாசகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஹிகாஷினோவின் நாவலைப் படித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று அந்தச் செய்தியைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு எங்கள் கூட்டம் கலைந்த பிறகு மாடிப்படியில் டீச்சரிடம் கேட்டேன், “நீங்க மட்டும் எப்படி டீச்சர் கவனிச்சீங்க? முடிவு தெரிஞ்சு படிச்சீங்களா?”

“தெரியாமத்தான் படிச்சேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். “எங்க பெரியண்ணன் வேலை பார்த்த மில்லை மூடிட்டாங்க. அதுக்கப்புறமும் தினம் காலைல சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டு எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிருவாரு. எங்க போறார்னு அண்ணிக்கே தெரியாது. ஒருநாள் நான்தான் பார்த்தேன். பார்க்குல உக்காந்து பேப்பர்ல வரி விளம்பரம் படிச்சுக்கிட்டிருந்தாரு. நான் பார்த்ததை அவர்கிட்ட கடைசிவரைக்கும் சொல்லல.”

அவருடைய புத்தகத்தை வாங்கிவந்தேன். முதல் அத்தியாயத்தில், பெஞ்சில் இருப்பவர் வரும் வரிகளுக்குப் பக்கத்தில், கணக்கு டீச்சருக்கே உரிய சின்னச் சின்ன எழுத்தில், பென்சிலால் எழுதியிருந்தது: ‘இவருக்கு இந்த வாரமாவது ஏதாவது கிடைக்குமா?’